பதிவிறக்கம் நின்றுபோனால் வாட்ஸ்அப் ஏபிகே கோப்பை நாடலாமா? கேரள எல்லைத் தமிழர்கள் அறிய வேண்டியவை

பாலக்காடு: போக்குவரத்து அபராதம், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, திருமண அழைப்பிதழ் போன்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியே வரும் போலிச் செயலிகளால் பணம் இழப்போர் குறித்து கேரள காவல்துறையும் மோட்டார் வாகனத் துறையும் தொடர்ந்து எச்சரித்து வருகின்றன. இத்தகைய மோசடி ஒன்றில், போலி பரிவாகன் செயலியைப் பரப்பியதாக உத்தரப் பிரதேசத்தின் வாரணாசியிலிருந்து இருவரை கொச்சி சைபர் காவல்துறையினர் 2025 ஜூலையில் கைது செய்தனர்.

இந்த மோசடிகளில் பெரும்பாலும் கைபேசியை யாரும் வெளியிலிருந்து உடைத்துத் திறப்பதில்லை. திரையில் தோன்றும் எச்சரிக்கைகளைக் கடந்து, உரிமையாளரே போலிச் செயலியை நிறுவி அனுமதியும் அளிக்கிறார். பதிவிறக்கம் குறித்த சில எளிய தவறான புரிதல்களே இதற்குக் காரணமாக அமைகின்றன.

மொழியும் ஒரு தடை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர்கள் கணிசமாக வாழ்கின்றனர். இவர்களில் மலையாளம் பேசத் தெரிந்தும் வாசிக்க இயலாதவர்கள் உண்டு. மாநில அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழங்கியுள்ளது. ஆனால், கைபேசித் திரையின் எச்சரிக்கை ஆங்கிலத்தில் தோன்றும்போது பலர் அதை வாசிக்காமலேயே 'அலவ்' என்ற பொத்தானை அழுத்திவிடுகின்றனர். கைபேசி அமைப்புகளில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டால், இந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை தமிழிலேயே தோன்றும்.

பதிவிறக்கம் ஏன் நின்றுபோகிறது?

மலைப்பகுதிகளில் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுவதால், பிளே ஸ்டோரில் செயலி பதிவிறக்கம் பாதியில் நிற்பது வழக்கமானது. 'பெண்டிங்' என்று காட்டினால் கைபேசி பழுதாகிவிட்டது என்று பொருளல்ல. வேறு செயலிகளின் புதுப்பிப்புகள் வரிசையில் இருக்கலாம், வைஃபை இருந்தால் மட்டுமே பதிவிறக்க வேண்டும் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம், சேமிப்பிடம் நிரம்பியிருக்கலாம். புதுப்பிப்புகளை நிறுத்துவது, தேவையற்ற காணொளிகளை நீக்குவது, கைபேசியை ஒருமுறை அணைத்து இயக்குவது ஆகியவை பெரும்பாலும் போதுமானவை.

சிக்கல் இதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. பிளே ஸ்டோரில் இறங்காத செயலியை, தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாகப் பெறும் பழக்கம் பரவலாக உள்ளது. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பு. படத்தைப் போலவோ பிடிஎஃப் ஆவணத்தைப் போலவோ அது பார்ப்பதற்கு மட்டுமான கோப்பல்ல. நிறுவியவுடன் கைபேசியில் இயங்கத் தொடங்கும் மென்பொருள். அபராத ரசீதோ திருமண அழைப்பிதழோ ஏபிகே வடிவில் வர வேண்டிய தேவையே இல்லை.

கோப்பைப் பெறுவதும் நிறுவுவதும் வெவ்வேறு செயல்கள். ஏபிகே கோப்பு கைபேசியில் வந்து இறங்கியதாலேயே பொதுவாகப் பாதிப்பு ஏற்படுவதில்லை. நிறுவாமல் நீக்கிவிட்டால் ஆபத்து பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

மூடப்படாத கதவு

ஆண்ட்ராய்டு 8ஆம் பதிப்பு முதல், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் அனுமதி ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே கேட்கப்படுகிறது. வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதியை ஒருமுறை வழங்கினால், அது அந்த ஒரு கோப்புக்கு மட்டும் பொருந்துவதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில், உரிமையாளர் திரும்பப் பெறும் வரை அது நீடிக்கும். நண்பர் அனுப்பிய நல்ல செயலிக்காகத் திறக்கப்பட்ட கதவு வழியாகவே, பின்னர் மோசடிச் செயலியும் நுழைய முடியும். அமைப்புகளில் 'அறியப்படாத செயலிகளை நிறுவுதல்' என்ற பகுதிக்குச் சென்று, வாட்ஸ்அப், உலாவி, கோப்பு மேலாளர் ஆகிய மூன்றுக்கும் இந்த அனுமதி அணைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

பிழைச் செய்தியும் பாதுகாப்பே

'ஆப் நாட் இன்ஸ்டால்டு' என்ற அறிவிப்பு வந்தால் பலர் அதைக் கைபேசியின் குறையாகக் கருதுகின்றனர். இடப் பற்றாக்குறையும் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் மற்றொரு முக்கியக் காரணமும் உண்டு. ஒவ்வொரு செயலியும் அதை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பத்துடன் வருகிறது. ஏற்கெனவே உள்ள செயலியின் அடையாளத்துடன், வேறு கையொப்பம் கொண்ட கோப்பு புதுப்பிப்பாக வந்தால், கைபேசி அதை ஏற்க மறுக்கும். இந்நிலையில், 'பழைய செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்' என்று யாரேனும் கூறினால், அந்தப் பாதுகாப்பை நாமே அகற்றுவதாக ஆகிவிடும்.

பூட்டுச் சின்னம் தரும் மயக்கம்

இணைய முகவரியின் அருகே பூட்டுச் சின்னம் இருந்தால் அத்தளம் நம்பகமானது என்பதும் தவறான எண்ணமே. தகவல் செல்லும் வழியில் பிறர் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது குறித்தது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதை அல்ல. இந்தக் குழப்பத்தைக் கருதியே கூகுள் நிறுவனம் 2023இல் குரோம் உலாவியிலிருந்து அச்சின்னத்தை அகற்றி, வேறொரு குறியை வைத்தது. அரசுச் சேவைக்கு முகவரியின் இறுதிப் பகுதி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்ப்பதே சரியான முறை.

தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தது என்பதும் உத்தரவாதமல்ல. பாதிக்கப்பட்டவரின் வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி, அவரது தொடர்பில் உள்ளவர்களுக்கே அதே கோப்பை அனுப்புவது மோசடியாளர்களின் வழக்கம்.

கணினிப் பயனர்களுக்கு

கணினியில் தேடல் முடிவுகளின் மேலே தோன்றும் விளம்பர இணைப்பையோ, பக்கத்தின் நடுவே பெரிதாக மின்னும் 'டவுன்லோட்' பொத்தானையோ அழுத்துவது பொதுவான தவறு. மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே அதைப் பெற வேண்டும். கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸ் இயங்குதளம் பயன்பாட்டில் உள்ளது. விண்டோசுக்கான நிறுவல் கோப்பு அதில் நேரடியாக இயங்காது. இது பழுதன்று, இரு இயங்குதளங்களின் வேறுபாடு.

முழு டிஜிட்டல் எழுத்தறிவுக்குப் பின்

கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக 2025 ஆகஸ்ட் 21 அன்று அறிவிக்கப்பட்டது. டிஜி கேரளம் திட்டத்தின் கீழ் சுமார் 21.87 லட்சம் பேர் பயிற்சி பெற்றனர். கைபேசியை இயக்கக் கற்றது முதல் படி. எந்த அனுமதியை மறுக்க வேண்டும் என்பதை அறிவது அடுத்த படி. ஒரு செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெற்றால், வங்கி அனுப்பும் ஓடிபி எண்ணை உரிமையாளருக்கு முன்பே அது அறிந்துகொள்ள முடியும். 'அக்சசிபிலிட்டி' அனுமதி பெற்றால், திரையைப் படிக்கவும் உரிமையாளருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் முடியும். அபராதத் தொகையைக் காட்டும் செயலிக்கு இவ்விரண்டும் தேவையில்லை.

நிறுவிவிட்டால் என்ன செய்வது?

• மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் உடனே அணைக்கவும்.
• வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்து, கணக்கு, அட்டை, யுபிஐ ஆகியவற்றை முடக்கச் சொல்லவும்.
• 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கவும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் தடுக்க, முதல் சில மணி நேரங்களே முக்கியமானவை.
• வந்த செய்தி, அனுப்பிய எண், பணம் சென்ற விவரம் ஆகியவற்றைச் சான்றாகப் படமெடுத்து வைக்கவும். அதுவரை எதையும் அழிக்க வேண்டாம்.
• திரையில் செயலியின் சின்னம் மறைந்துவிட்டதால் அது நீங்கிவிட்டதாகக் கருதக் கூடாது. செயலிப் பட்டியலில் தேடி, அனுமதிகளைத் திரும்பப் பெற்று நீக்கவும். ஐயம் நீங்காவிட்டால், தேவையான படங்களையும் தொடர்பு எண்களையும் சேமித்தபின் கைபேசியை முழுமையாக மீட்டமைக்கவும்.
• கடவுச்சொற்களைப் பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து மாற்றவும்.

வங்கிக்குத் தகவல் அளிக்கும் நேரம் இழப்பீட்டையும் தீர்மானிக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சார்ந்ததாக இருந்தது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பை வங்கி ஏற்க வேண்டும் என்று அது கூறியது. எனவே, வெட்கத்தாலோ அச்சத்தாலோ காலம் தாழ்த்தாமல் உடனடியாகப் புகார் அளிப்பதே எஞ்சிய பணத்தைக் காக்கும் வழி.