சராசரியை நம்பிக் கடன் எடுக்கலாமா?

"இந்தத் தொழிலைச் செய்கிற குடும்பங்களுக்கு மாதம் சராசரியாக 10,000 ரூபா இலாபம் கிடைக்கிறது." கடன் கொடுக்க வருபவரும் கோழிக்குஞ்சு விற்க வருபவரும் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். காணியையும் வீட்டையும் இழந்து, கரவனெல்லப் பகுதியில் புதிதாய் அடுப்பு மூட்டியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த வார்த்தை பெரிய ஆறுதல். மாதத் தவணை 8,000 ரூபாதானே, கட்டிவிடலாம் என்று கையொப்பம் வைக்கத் தோன்றும்.

சற்றுப் பொறுங்கள். அவர் சொன்ன சராசரி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உண்மையான சராசரியும் நம்மைக் கடனில் தள்ளலாம். எப்படி என்பதைப் பார்ப்போம். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

ஏழு வீட்டுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஏழு குடும்பங்கள் கோழி வளர்க்கின்றன. தீன், மருந்து, போக்குவரத்துச் செலவெல்லாம் கழித்து ஒரு மாதத்தில் மிஞ்சிய இலாபம் ரூபாவில் இவ்வளவு: 4,000, 5,000, 5,000, 6,000, 7,000, 8,000, 35,000.

இவற்றைக் கூட்டினால் 70,000. ஏழால் வகுத்தால் 10,000. இதுவே சராசரி. பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதை 'இடை' என்பார்கள். ஆனால் ஏழில் ஆறு வீடுகளுக்கு அந்த 10,000 ரூபா கிடைக்கவே இல்லை! சந்தியில் சொந்தக் கடை வைத்திருக்கும் ஏழாவது குடும்பத்தின் 35,000 ரூபாதான் சராசரியை உயர்த்திவிட்டது.

இப்போது சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிற்கும் இந்த எண்களில் நடுவில் இருப்பதைப் பாருங்கள். நாலாவது வீடு, 6,000 ரூபா. இதற்கு 'இடையம்' என்று பெயர். அடிக்கடி வரும் எண் 5,000. இது 'ஆகாரம்'. மிகக் கூடியதிலிருந்து மிகக் குறைந்ததைக் கழித்தால் 31,000. இது 'வீச்சு'. வீச்சு பெரிதாக இருந்தால், ஒரே தொழிலிலும் வீட்டுக்கு வீடு நிலைமை வெகுவாக வேறுபடுகிறது என்று அர்த்தம்.

மீண்டும் தவணைக்கு வருவோம். 8,000 ரூபாவை ஐந்து குடும்பங்களால் இந்த இலாபத்திலிருந்து கட்டவே முடியாது. ஆறாவது குடும்பம் கட்டலாம், ஆனால் கையில் ஒரு சதமும் மிஞ்சாது. சராசரியைப் பார்த்தபோது எல்லோராலும் முடியும் போலத் தோன்றியது. வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரே ஒரு குடும்பத்தால்தான் நிம்மதியாகக் கட்ட முடியும் என்று தெரிகிறது.

நாட்டின் கணக்கும் இப்படித்தான்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி, இலங்கையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் இடையம் 53,333 ரூபாதான். அதாவது, நாட்டின் பாதிக் குடும்பங்கள் 53,333 ரூபாவோ அதற்குக் குறைவாகவோதான் பெற்றன. தோட்டத்துறையின் சராசரியோ 46,865 ரூபா. சராசரியை மட்டும் எடுத்துப் பேசினால் இந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாது.

எண்ணைப் பார்க்கும்போது அதன் ஆண்டையும் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் விலைவாசி எப்படி ஏறியது என்பதை நம் சமையலறைகள் மறக்கவில்லை. அதற்கு முந்திய காலத்துத் தீன் விலையை வைத்துக் காட்டப்படும் இலாபக் கணக்கு இன்று பயன்படாது.

மழை சொல்லும் பாடம்

களனி கங்கையோரத்தில் வாழும் நமக்கு மழையே நல்ல ஆசான். 30 நாள் கொண்ட ஒரு மாதத்தில் 300 மில்லிமீற்றர் மழை பெய்தால், நாளொன்றுக்குச் சராசரி 10 மில்லிமீற்றர். கேட்கும்போது சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அதில் பாதி ஒரே நாளில் கொட்டினால்? 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது விடாது கொட்டிய கடும் மழையால்தான். ஆகவேதான் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மாதச் சராசரியைப் பார்ப்பதில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும்.

வருமானத்துக்கும் இது பொருந்தும். மழைக்காப்புக் கட்டாத இறப்பர் மரத்தில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. இலையுதிர்காலத்தில் பாலும் குறையும். நல்ல மாதமும் கெட்ட மாதமும் சேர்ந்ததே ஆண்டுச் சராசரி. தவணைக்காரரோ கெட்ட மாதத்திலும் வாசலுக்கு வருவார். எனவே தவணையை ஆண்டின் மிக மோசமான மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாரைக் கேட்டார்கள்?

எல்லோரையும் கேட்க முடியாதபோது சிலரைத் தெரிந்தெடுத்துக் கேட்பதே 'மாதிரி' எடுத்தல். சோறு வெந்ததா என்று பார்க்க ஓர் அகப்பைச் சோறு போதும். ஆனால் பானையைக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். வெற்றி பெற்ற ஏழு பேரை மட்டும் கூட்டிவந்து காட்டினால் அது சரியான மாதிரி ஆகாது. தொழிலைத் தொடங்கிக் கைவிட்டவர்களையும், கோழிகள் செத்துக் கடனாளியானவர்களையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அவர்களுடைய எண்கள் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

நாம் செய்யக்கூடியவை

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். சராசரி என்று யாராவது சொன்னால் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைத்தது? மிகக் குறைவாகப் பெற்றவருக்கு எவ்வளவு? எத்தனை பேரிடம் கேட்டீர்கள், தோற்றவர்களும் அதில் உண்டா? இது எந்த ஆண்டுக் கணக்கு?

வீட்டிலும் நாளாந்த வரவையும் செலவையும் எழுதி வாருங்கள். ஓர் ஆண்டு எழுதினால் பன்னிரண்டு மாதங்களையும் வரிசைப்படுத்தி உங்கள் சொந்த இடையத்தையும் மிகக் குறைந்த மாதத்தையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். மாமியும் மருமகளும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கியவர்கள் நாம். கையொப்பம் வைக்கும் முன் ஒரு மாலைப்பொழுதைக் கணக்குப் பார்க்கச் செலவிடுவது நட்டமாகாது.