மூணாறு டூ மறையூர்: 40 கிலோமீட்டரில் இத்தனை அதிசயமா!

மூணாறுக்குப் போகிற பலரும் மாட்டுப்பெட்டி அணையில் படகுக்கு வரிசையில் நின்று, டீத்தூளும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உடுமலைப்பேட்டை ரோட்டில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் மறையூர்ப் பள்ளத்தாக்கு. அந்த ஒரு சாலையில் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ராஜமலை! இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசல் இதுதான். உள்ளே நிற்கிறது ஆனைமுடி, உயரம் 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இதை மிஞ்ச ஒரு சிகரம் கிடையாது. நம் தொட்டபெட்டாகூட 2,637 மீட்டர்தான். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு ஒரே இடத்தில் மிக அதிகமாக வாழ்வது எங்கே தெரியுமா? கேரளத்தில் இருக்கிற இதே இரவிகுளத்தில்! 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இங்கேதான். பூத்ததும் விதை விட்டு, செடியே காய்ந்து செத்துப்போகும். கடைசியாகப் பூத்தது 2018. அடுத்தது 2030!

லக்கம் அருவியைத் தாண்டினால் காற்றே மாறிவிடும். தேயிலை காணாமல் போய் வெயில் முகத்தில் அடிக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டரில் இருந்த நாம் 1,000 மீட்டருக்கு இறங்கிவிட்டோம் என்பது பாதிக் காரணம்தான். தென்மேற்குப் பருவமழை மேகங்கள் மலையின் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகின்றன. இந்தப் பக்கம் வந்து சேர்வது வறண்ட காற்று. மழை மறைவுப் பகுதி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதை கார் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்!

இந்தக் காய்ந்த மண்ணில்தான் கேரளத்தின் இயற்கைச் சந்தனக் காடு இருக்கிறது. சாலையோரமே வேலி போட்டுக் காவல் காக்கிறார்கள். பக்கத்தில் போய் மோந்து பார்த்தால்? ஒரு வாசனையும் வராது! மணமெல்லாம் உள்ளே இருக்கும் வைரத்திலும் வேரிலும்தான். அதனால்தான் சந்தனத்தை மற்ற மரம்போல அடிமரத்தில் வெட்டாமல் வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். இன்னொன்று தெரியுமா? இந்த ராஜ மரம் ஒரு திருடன்! மண்ணுக்கடியில் பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி, நீரையும் சத்தையும் உறிஞ்சித்தான் வளர்கிறது. தனியாக நட்டால் தேறுவது கஷ்டம். ஆனைமுடியைவிட எனக்கு இந்தத் திருட்டுதான் பெரிய அதிசயம்.

மறையூரில் பாறைச் சரிவுகளின் மேலே முனியறைகள். நாலு பக்கமும் கற்பலகை, மேலே ஒரு மூடுகல். முனிவர்கள் தவம் செய்த அறை என்று ஊரில் சொல்வார்கள். பெருங்கற்கால மனிதர்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்கிறது தொல்லியல்.

கீழே வயலெல்லாம் கரும்பு! சாற்றைக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே வெல்லமாக உருட்டுகிறார்கள். அடுப்புக்கு எரிபொருள் அதே கரும்பின் சக்கை! 2019-இல் இந்த வெல்லத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

சரி, இங்கே ஓடும் தண்ணீர் எங்கே போகிறது? அரபிக்கடலுக்கு என்று சொன்னால் தப்பு! கேரளத்தில் கிழக்கே பாயும் ஆறுகள் மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. மறையூர் வழியே ஓடுவது பாம்பாறு. அது சின்னாறோடு சேர்ந்து, அமராவதி அணைக்குள் வந்து, கரூர் பக்கம் காவிரியில் கலக்கிறது. மறையூர்ப் பக்கத்து ஓடையில் கால் நனைத்தால், உடுமலை வயலுக்கு வரப்போகிற தண்ணீரில்தான் நனைக்கிறீர்கள்!

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிப்ரவரி, மார்ச் வரையாடு குட்டி போடும் காலம், அப்போது ராஜமலையை மூடிவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வெல்லத்தைக் கடையில் வாங்காமல் ஆலைக்கே போய் வாங்குங்கள்.