சம்பளமில்லாத சீமை உத்தியோகம்

வாடைக்காற்று எழுந்துவிட்டால் புத்தளக் கரைக்கு உயிர் வந்துவிடும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையிலும் சோளகத்தின் சீற்றத்துக்கு அஞ்சிக் கரையேறிக் கிடந்த தோணிகள் மீண்டும் நீரைக் காணும். உடப்பிலும் அதன் அயற் கிராமங்களிலும் கரைவலை விரியும். வாடிகளிலே அடுப்புப் புகையும். கற்பிட்டிக் கடலில் ஓங்கில்கள் கூட்டங் கூட்டமாய்த் துள்ளுவதைக் காண்பதற்கென்றே வெள்ளைக்காரப் பயணிகள் வந்து இறங்குவர். அவர்கள் நாட்டிலோ அப்போது மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். வயல்கள் உறைந்து கிடக்கும். மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு கணப்பருகே ஒதுங்கியிருப்பர். அவர்களுக்கு ஓய்வுக் காலமாகிய அதே மாதங்கள் எமக்கு உழைப்பின் மாதங்கள்.

ஈராண்டுகளுக்கு முன்னர், வலை வேலை தொடங்குவதற்குச் சில மாதங்கள் இருக்கையில், உடப்பை அடுத்த கிராமமொன்றிலிருந்து கரைவலைச் சம்மாட்டி ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் எம்மிடம் கல்வி கற்றவள். வந்தவர் நாற்காலியின் விளிம்பிலே அமர்ந்துகொண்டு, தேநீரையும் தொடாமல், நேரே விஷயத்துக்கு வந்தார்.

“மாஸ்டர், மகள் ஜேர்மனிக்குப் போகப் போறாளாம். அங்க வயசான ஆக்களைப் பராமரிக்கிற வேலையாம். ஒரு வருசமாம். சம்பளம் இல்லையாம். சம்பளம் இல்லாத வேலைக்கு ஆராவது சீமைக்குப் போவாங்களா? நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்ல வேணும்.”

அவர் கேட்டதில் வியப்பில்லை. ‘ஐரோப்பா’ என்னும் சொல்லுக்கு எமது மாவட்டத்தில் ஒரே பொருள்தான் உண்டு. வென்னப்புவை, மாரவிலைப் பக்கமாய்ப் பேருந்தில் செல்லும் எவரும் அப்பொருளைச் சாளரத்தின் வழியே காணலாம். வளைவுகளும் தூண்களும் கொண்ட மாடி வீடுகள், பளிங்குத் தரைகள், பூட்டிய வாயிற் கதவுகள். அப்பகுதியைச் ‘சின்ன இத்தாலி’ என்றே நாட்டார் அழைக்கின்றனர். இத்தாலியில் வாழும் இலங்கையர் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களுள் நமது கரையைச் சேர்ந்தோர் தொகை பெரிது. சமையற் கட்டிலும் முதியோர் படுக்கையருகிலும் அவர்கள் உழைத்த உழைப்பே இங்கு மாடியாய் நிற்கின்றது. ஆகவே, சீமைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், கேட்கும் தகப்பன் திகைக்காமல் என்ன செய்வார்?

அவருடைய அச்சத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அவருடைய மைத்துனர் மகன் ஒருவனிடம் முகவர் ஒருவர் (பெயர் வேண்டா) ‘தொண்டர் விசா’ எடுத்துத் தருவதாய்ச் சொல்லிப் பல இலட்சம் ரூபா வாங்கினார். குளிர்காலத்தில் ஐரோப்பியப் பண்ணைகளில் ஆளில்லை. போய்ச் சேர்ந்தால் முதலில் தொண்டு, பிறகு சம்பளம், பிறகு நிரந்தர வதிவு என்பது அவர் விரித்த வலை. விசா வரவில்லை, பணமும் திரும்பவில்லை. பையன் அடகுவைத்த தாயின் சங்கிலி இன்னும் மீளவில்லை.

பெண்ணுக்குப் புத்தி சொல்வதற்கு முன்னர் நாம் புத்தி தெளிய வேண்டியிருந்தது. ஆதலால் சில நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, இந்தத் தொண்டு என்பது யாது, அதன் சட்டம் யாது என்று தேடினோம். தேடியதில் அறிந்தவற்றை இப்பகுதியின் பெற்றோர் பொருட்டு இங்கே எழுதுகின்றோம்.

அந்நிய நாட்டுக்குச் சென்று கூலியின்றி உழைக்கும் இந்த வழக்கம் ஐரோப்பாவில் ஒரு குளிர்காலத்திலேதான் வேரூன்றியது என்பது எமக்குப் புதுச் செய்தி. முதலாம் உலகப் போரிலே பிரான்சின் வேர்டன் பகுதி 1916ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பத்து மாதம் குண்டு மழையில் நனைந்தது. எஸ்ன் என்னும் சிற்றூர் இடிபாடாகியது. போர் முடிந்து ஈராண்டு கழித்து, 1920 நவம்பரில், பியேர் செரெசோல் என்னும் சுவிற்சர்லாந்துக்காரர் சிறு குழுவொன்றுடன் அங்கு வந்து சேர்ந்தார். இவர் பொறியியல் கற்றவர். இவருடைய தந்தையார் 1873இல் அந்நாட்டின் தலைவராயிருந்தவர். படைச்சேவைக்குப் பதிலாகச் செலுத்த வேண்டிய வரியைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றவர் இந்த மகன். வந்தவர்களுள் ஆங்கிலேயரும் இருந்தனர். அந்த ஊரை அழித்த படையின் நாட்டவரான ஜேர்மானியர் சிலரும் இருந்தனர். உறைபனியில் அவர்கள் இடிபாடுகளை அகற்றி, வீடிழந்தோர்க்கு மரக் குடில்கள் அமைத்தனர். ஆனால் போரின் காயம் ஆறவில்லை. ஜேர்மானியர் வெளியேற வேண்டும் என்று உள்ளூர் அதிகாரிகள் வற்புறுத்தினர். அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர் தங்குவதற்கு மனமில்லாமல், 1921 வசந்தத்தில் குழு முழுவதுமே வேலையை விட்டுப் புறப்பட்டது.

தோல்வி என்றுதான் அன்று பலரும் நினைத்திருப்பர். எனினும் அக்குழுவிலிருந்தே ‘சேர்விஸ் சிவில் இன்ரர்நாஷனல்’ என்னும் இயக்கம் வளர்ந்தது. 1928இல், வெள்ளத்தால் பாழ்பட்ட லீக்டன்ஸ்டைன் என்னும் சின்னஞ்சிறு நாட்டிலே எழுநூறு பேருக்கு மேற்பட்ட தொண்டர் மண்வெட்டி பிடித்தனர். 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பூகம்பம் உலுக்கியபோது செரெசோல் இந்தியாவுக்கே வந்தார். இராஜேந்திர பிரசாத் முதலியோருடன் கலந்து, ஐரோப்பியத் தோழர் சிலரோடு 1937 வரை அங்கே கிராமங்களை மீண்டும் எழுப்பும் பணியில் ஈடுபட்டார். சுவிற்சர்லாந்துச் சனாதிபதியின் மகன் பீகார் வெயிலில் மண் சுமந்தான் என்று சொன்னபோது எமது சம்மாட்டி முதன்முறையாகத் தேநீர்க் கோப்பையைக் கையிலெடுத்தார்.

நாமும் இதை அறியாதவர்கள் அல்லர். 1958இல் கொழும்பு நாலந்தா வித்தியாலய ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றதிலிருந்து ‘சிரமதானம்’ என்ற சொல் இலங்கையில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அதைவிட அணுக்கமான நினைவு ஒன்று உண்டு. 1990 ஐப்பசி இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள், தம் ஊர்களை விட்டு விரட்டப்பட்டனர். மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். மாரிக்காலம். உடுத்த துணியே உடைமை. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அன்று திறந்தன, வீடுகளும் திறந்தன, தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சோற்றுப் பானையை இறக்கி வைத்தவர்கள் எவரும் தம்மைத் தொண்டர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. வந்தவர் தொகை பெருகப் பெருக நீருக்கும் நிலத்துக்கும் வேலைக்கும் பூசல்கள் எழுந்தன என்பதும் உண்மையே. ஆயினும் அந்த முதல் வாரங்களை இக்கரையின் மூத்தோர் மறக்கவில்லை.

நிற்க. சட்டத்தின் சங்கதிக்கு வருவோம்.

சுற்றுலா விசாவில் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குச் செல்பவர் எந்த 180 நாட்களுள்ளும் 90 நாட்களே தங்கலாம். வேலை செய்தல் ஆகாது. ‘சம்பளம் வாங்கவில்லை, சோறும் படுக்கையும்தான் பெற்றேன்’ என்று வாதாடிப் பயனில்லை. பல நாடுகளில் அதுவும் வேலையாகவே கொள்ளப்படும். பண்ணைத் தொண்டு என்பது பொய்யன்று. 1971இல் இலண்டன் காரியதரிசியான சூ கொப்பார்ட் என்னும் பெண்மணி, வார இறுதியில் நகரத்தார் கிராமப் பண்ணைக்குச் சென்று வேலை பழகலாமே என்று தொடக்கிய ‘வூவ்’ என்னும் ஏற்பாடு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆனால் குளிர்காலத்தில் அங்கு வேலை அருகும். இத்தாலியில் மார்கழி வரை ஒலிவங்காய் பறிப்பர். தை, மாசியில் திராட்சைக் கொடி கத்தரிப்பர். தொழுவங்களில் எப்போதும் வேலையுண்டு. அவ்வளவே. ‘குளிர்காலத்தில் ஆளில்லாமல் தவிக்கிறார்கள்’ என்று முகவர் சொன்னது முழுப் பொய் இல்லாவிடினும் முக்காற் பொய்.

ஐரோப்பிய ஒன்றியம் தன் இளைஞருக்கென நடத்தும் ஒருமைப்பாட்டுப் படையும் பொதுவாக அவர்களுக்கும் அயல்நாட்டார்க்குமே உரியது. இங்கிருந்து நேரே சேர வழியில்லை. ஆனால் இத்தாலியிலே வாழும் நம்மவர் பிள்ளைகளுக்கு வேறொரு கதவு திறந்துளது. அந்நாட்டின் குடிமைச் சேவையில் இத்தாலியக் குடிகள் மட்டுமே சேரலாம் என்றிருந்த விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் செல்லாதென்றது. சட்டப்படி அங்கு வதியும் பதினெட்டு முதல் இருபத்தெட்டு வயது வரையானோர் இன்று அதற்கு விண்ணப்பிக்கலாம். வென்னப்புவைப் பாட்டிமார் தம் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

எமது மாணவி கண்டறிந்தது ஜேர்மனியின் வழி. அங்கே கட்டாயப் படைச்சேவை 2011இல் நிறுத்தப்பட்டது. அதுவரை படைக்குப் போக மறுத்த இளைஞரே முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் மாற்றுச் சேவை புரிந்துவந்தனர். அவ்விடம் வெறிச்சோடாமலிருக்க, அவ்வாண்டு யூலை முதலாம் நாள் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை தொடங்கப்பட்டது. இளைஞருக்கான சமூகத் தொண்டாண்டு என்னும் ஏற்பாடு 1964 முதலே உண்டு. பிறநாட்டாரும் இவற்றிற் சேரலாம். வழக்கமாக ஓராண்டு, ஆறு மாதத்துக்குக் குறைவதில்லை. கைச்செலவுக்குச் சிறு தொகை கிடைக்கும். பல இடங்களில் உணவும் உறையுளும் தருவர். நோய்க் காப்புறுதியை அவர்களே கட்டுவர். ஓராண்டிலே இருபத்தைந்து நாள் வகுப்புகளும் உண்டு. இடம் தரும் இல்லத்துக்கு நேரே விண்ணப்பித்து, உடன்படிக்கை பெற்று, அதைக் கொண்டு கொழும்பிலுள்ள தூதரகத்தில் உரிய விசா எடுத்த பின்னரே புறப்பட வேண்டும். அடிப்படை ஜேர்மன் மொழியறிவு வேண்டும். முகவருக்கு இங்கே வேலையே இல்லை. இதுவே சம்மாட்டியின் மனத்தை மாற்றிய செய்தி என்று நினைக்கின்றோம், செரெசோலின் கதையன்று. “ஒருத்தனுக்கும் காசு கட்டத் தேவையில்லையா மாஸ்டர்?” என்று மூன்று முறை கேட்டார்.

பயணச்சீட்டுக்கு மட்டும் பணம் திரட்டி, திரௌபதை அம்மன் கோயில் தீமிதி முடிந்த பின்னர், அவள் புறப்பட்டாள். வடஜேர்மனியில், பால்டிக் கடலுக்கு அண்மையில் உள்ள முதியோர் இல்லம் அது.

முதலிரண்டு மாதச் செய்திகள் உற்சாகமாயிருந்தன. கார்த்திகை பிறந்ததும் குறுகிவிட்டன. காலை எட்டு மணிக்கும் இருள். மாலை நான்கு மணிக்கெல்லாம் மீண்டும் இருள். தாய் கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய் போத்தலில் மெழுகாய் உறைந்துவிட்டதாம். சுடுநீரில் வைத்து உருக்கித் தலைக்குப் பூசும்போது அழுகை வந்துவிட்டதாம். மார்கழித் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதும் நேரத்தில் அங்கே நள்ளிரவு. “சேர், வேலை கடினமில்லை. இங்கே பிள்ளைகள் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார்கள். முதலில் கோபமாக இருந்தது. இப்போது, நம்ம ஊரிலும் பிள்ளைகள் இத்தாலியில் இருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே தொலைபேசி எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்” என்று எழுதியிருந்தாள். அச்செய்தியைச் சம்மாட்டிக்கு நாம் வாசித்துக் காட்டவில்லை.

அவருக்கும் மனக்குறை இல்லாமலில்லை. கரைவலை இழுக்க ஆள் குறைந்த காலம். கணக்கெழுதவும் பங்கு பிரிக்கவும் மகளே துணையாயிருந்தவள். ‘எங்க கிழவியைப் பார்க்க ஆளில்லை, அங்கத்தைய கிழவிக்கு என்ர பிள்ளை’ என்று வாடியில் சொல்லிச் சலித்துக்கொண்டார் எனக் கேள்விப்பட்டோம். அதற்கு எம்மிடம் விடையில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணியளவில், வலை கரையை நெருங்கும் வேளையில், மகள் கைத்தொலைபேசியில் காட்சி அழைப்பு எடுத்தாள். அங்கே காலை ஒன்பதரை. உணவு முடிந்து கூடத்தில் அமர்ந்திருந்த முதியோர்க்கு எமது கடலைக் காட்டும்படி கேட்டாள். சம்மாட்டி தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார். அம்பாப் பாட்டும் கயிறும் வெயிலும் அந்தக் குளிர்கூடத்துள் புகுந்தன. பால்டிக் கடலில் மீன்பிடித்தவர் என்று சொல்லப்பட்ட முதியவர் ஒருவர் சக்கர நாற்காலியை முன்னே தள்ளச் சொன்னாராம். கயிறு என்ன நீளம்? எத்தனை பேர் இழுக்கிறார்கள்? மடியில் என்ன மீன்? மகள் மொழிபெயர்க்க, சம்மாட்டி ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார்: சாளை, கீரி, கொஞ்சம் நெத்தலி. பிறகு தம் பங்குக்குக் கேட்டார், உங்கள் கடல் உறைந்தால் தோணியை என்ன செய்வீர்கள் என்று. அதன்பின் வாரத்தில் இரண்டொரு நாள் இது வழக்கமாகிவிட்டது. பாடு குறைந்த நாளில் அந்த முதியவருக்குப் பதில் சொல்ல வெட்கமாயிருக்கிறது என்று சம்மாட்டி எம்மிடம் சொல்லிச் சிரித்தார்.

மாசி மாதக் கடைசியில் அம்முதியவர் காலமானார். மகள் அதைச் சொல்ல அழைத்தபோது தகப்பனார் கரையில் நின்றார். “அந்த ஐயா போயிட்டாரா?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, வலை இன்னும் கரை சேரவில்லை, இரவு எடுக்கிறேன் என்றாராம்.