மாத்திரைச் செலவும் மாதக் கணக்கும்

அறுவை சிகிச்சை என்றால் ஒரே தடவையில் பெரிய தொகை போகும். உறவும் நட்பும் கைகொடுக்கும். சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு போன்ற நாள்பட்ட நோய்கள் அப்படியல்ல. மாதாமாதம் வாடகைக்கும் மளிகைக்கும் நடுவே மாத்திரைச் செலவு வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் குறைவது பழமும் மீனும். பிறகு பிள்ளைகளின் டியூஷன் நிற்கும், சீட்டுப் பணம் தவறும், அடகு வைத்த நகை மீளாது. டயாலிசிஸ் இலவசமாகவே நடந்தாலும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வண்டிச் செலவும் துணைக்குப் போகிறவரின் கூலியும் கணக்கில் வராமலே கரையும்.

கடைசியில் மருந்திலேயே கை வைப்பார்கள். பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஐந்து மட்டும் வாங்குவார்கள்; காலாவதித் தேதி அச்சிட்ட பாதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். அந்த ஐந்தும் இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளையாக விழுங்கப்படும். மிச்சம் பிடித்த பணத்தைக் காலில் ஆறாத புண் வந்து வட்டியோடு வசூலித்துவிடும்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பது பாதித் தைரியம்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. டயாலிசிஸ் அதில் உண்டு. அன்றாட மாத்திரைக்கு இடமில்லை. அதற்கு வழி ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும்தான்: சுகர், பிரஷர் மாத்திரைகள் அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அவற்றை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அங்கே கிடைக்காத மருந்தை மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ மலிவாக வாங்கலாம். கம்பெனிப் பெயரை விட்டு, மூலப்பெயரில் சீட்டு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தனியார் பாலிசி எடுப்போர் இருக்கும் நோயை மறைக்கக் கூடாது. 2024 விதிப்படி, சொல்லிவிட்ட நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டுதான் காத்திருப்பு. மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். நியாயமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

மருந்துக்காகக் கந்துவட்டியில் சிக்கியவர்கள் காவல் நிலையத்தில் புகார் தரலாம். தமிழ்நாட்டின் 2003 சட்டப்படி கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.