கழுகுக் கொடியும் அணில் மார்க்கும்

"அண்ணாச்சி, ஒரு காக்கா குடுங்க!"

பெட்டிக்கடையில் இப்படிக் கேட்டால் கிடைப்பது பறவை அல்ல. தீப்பெட்டி! அதன் மேல் காக்கா படம் இருக்கும்.

பெயரைப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன? படம் தெரிந்தால் போதும். சிவகாசிப் பக்கத்தில் இதை "மார்க்" என்பார்கள். கடல் கடந்த போர்ச்சுக்கல் நாட்டில் கால்பந்துக் கழகங்கள் வைத்திருப்பதும் இதே மாதிரிதான்.

சக்கரம் எப்படி வந்தது?

அந்நாட்டுத் தலைநகரம் லிஸ்பன். அங்கே பென்ஃபிக்கா, ஸ்போர்ட்டிங் என்ற இரு கழகங்கள் மோதினால் ஊரே இரண்டுபடும். ஒரு பக்கம் சிவப்புக் கொடி, கழுகு. மறு பக்கம் பச்சைக் கொடி, சிங்கம்.

பென்ஃபிக்கா 1904-ல் பிறந்தது. அதன் சின்னத்தை உற்றுப் பாருங்கள். கேடயத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சக்கரம்! பந்தாட்டத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை? 1908-ல் அது இன்னொரு கழகத்தோடு இணைந்தது. அவர்கள் சைக்கிள் பந்தயக்காரர்கள். கழுகு இவர்களுடையது, சக்கரம் அவர்களுடையது. இரண்டு தாத்தா பெயரையும் சேர்த்துப் பேரனுக்கு வைப்பதில்லையா, அப்படித்தான்!

ஸ்போர்ட்டிங் 1906-ல் தோன்றியது. அதன் சிங்கம் ஒரு பிரபு வீட்டு முத்திரையிலிருந்து வந்தது.

1919-ல் தொடங்கிய பெலனென்செஸ் கழகத்துக்குச் சிவப்புச் சிலுவை. 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமாவின் கப்பல் பாய்களில் இருந்ததும் அந்தச் சிலுவைதான்.

அந்த நாளில் போர்ச்சுக்கலில் எழுத்தறியாதவர்களே அதிகம். அவர்களுக்கும் கழுகைக் கண்டால், "நம்ம ஆளுக!" என்று தெரிந்துவிடும்.

கப்பலை எதிர்த்த அணில்

1920-களின் தொடக்கத்தில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பிறகு தனித்தனியே தொழில் நடத்தினார்கள். அய்ய நாடாருக்கு அணில் மார்க். சண்முக நாடாருக்குக் காக்கா மார்க். அவர் பெயரே "காக்கா சண்முக நாடார்" ஆகிவிட்டது!

எதிரே நின்றது யார்? ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி. எந்திரத்தில் செய்த கப்பல் மார்க் தீப்பெட்டி. இங்கேயோ எல்லாம் கை வேலை. பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். குச்சி நன்றாக எரிந்தால் வாங்கியவர் அணிலை ஞாபகம் வைத்துக்கொள்வார். நமத்துப்போனாலும் அணிலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்!

லேபிள் தேவைப்பட்டதால் அச்சகமும் சிவகாசிக்கு வந்தது. பட்டாசு வந்தபோது சேவலும் மார்க் ஆனது.

மார்க்கைத் திருடினால்?

பேர் வாங்கிய மார்க்கைப் பார்த்து வேறொருவர் அதே சாயலில் அச்சடித்தால், பல வருட உழைப்பு பறிபோகும். ஏமாறுவது எழுதப் படிக்கத் தெரியாத ஏழை. இதைத் தடுக்க இந்தியாவில் 1940-ல் வணிகக் குறிச் சட்டம் வந்தது. இரண்டு மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாது என்று 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. சாதாரண மனிதன், அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வருகிறவன், ஏமாறுவானா? அதுதான் கேள்வி.