ஈயக்குட்டையில் தூண்டில் போடப் போகிறீர்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிலாங்கூரின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தூண்டிலோடு கிளம்பும் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் ஈயம் தோண்டிய பழைய குழிகளான ஈயக்குட்டைகளில்தான் போய் நிற்கும். அங்கே போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, எனக்கு நீச்சலும் தெரியும். பிறகென்ன பயம்?

பயப்பட வேண்டியது கரைக்கு. ஊர்க்குளம் சரிந்து சரிந்து ஆழமாகும், ஈயக்குட்டை அப்படியல்ல. மிதக்கும் ஈயக் கப்பல்கள் வாளிச் சங்கிலியால் அடிமண்ணை அள்ளி, ஈயத்தைப் பிரித்தெடுத்து, மணலையும் சேற்றையும் பின்னால் கொட்டிக்கொண்டே நகர்ந்தன. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு தொழில் படுத்தது. குழிகள் அப்படியே நின்றுவிட்டன. மேலே வெள்ளை மணல் கெட்டியாகத் தெரியும், அடியில் தண்ணீர் அரித்திருக்கும். ஓரடி தவறினால் ஆளுயரத்துக்கும் மேல் ஆழம். கால் சேற்றில் புதைந்துவிட்டால் நீச்சல் உதவாது.

மழை பெய்த மறுநாள் கரையில் வெடிப்பு தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தூண்டில் முள் எதிலாவது மாட்டினால் நரம்பை அறுத்துவிடுங்கள். பத்து ரிங்கிட் பொய் மீனுக்காகத் தண்ணீரில் இறங்குவது என்ன கணக்கோ! அறுந்த நரம்பில் கைக்கு எட்டியதைச் சுருட்டி வீட்டுக்கே கொண்டுபோங்கள். கொக்கின் காலில் சுற்றினால் அது பிழைக்காது. யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு கட்டிய காலி போத்தலையோ, காலி செய்து மூடிய ஐஸ் பெட்டியையோ வீசுங்கள், 999ஐ அழையுங்கள்.

இடி இடித்தால் செம்பனை மரத்தடியில் ஒதுங்கலாமா?

கூடாது, மரத்தில் மின்னல் இறங்கலாம். கார்பன் தூண்டிலும் மின்சாரத்தைக் கடத்தும். அதைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய் உட்காருங்கள்.

தோமான் மீன் குஞ்சுக் கூட்டத்தில் தூண்டில் வீசினால் பெரிய மீன் உடனே கடிக்கிறதே, அதில் என்ன தவறு?

குஞ்சுகள் காற்றைக் குடிக்க ஒன்றாக மேலே வரும்போது தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி விடும், செந்நிறம் தெரியும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பசியில்லாவிட்டாலும் குஞ்சைக் காப்பாற்றத்தான் அது பாய்ந்து கடிக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் முடித்துவிடும். குமிழியைப் பார்த்தால் வேறு இடம் பாருங்கள். கரண்டு வைத்து மீன் பிடிப்பதோ சட்டப்படியே குற்றம்.

கேட்பாரற்ற குட்டைதானே, யாரிடம் அனுமதி?

கேட்பார் உண்டு. 2014 வறட்சியில் பெஸ்தாரி ஜெயா குட்டைத் தண்ணீரை சிலாங்கூர் ஆற்றுக்கு இறைத்தும் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சமாளித்தார்கள். வேலியோ அறிவிப்புப் பலகையோ இருந்தால் நுழையாதீர்கள். ஆறு, குட்டை போன்ற உள்நாட்டு நீர்நிலை மீன்பிடிப்பு மாநில அதிகாரத்தில் வருவது. பேராக்கில் இருக்கும் மச்சான் சொன்ன விதி இங்கே செல்லாமல் போகலாம். மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டைக்குப் போய் வந்து ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தால்?

அலட்சியம் வேண்டாம். 2010இல் பகாங் லுபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடும் பணிக்குப் பிறகு 8 பேர் இறந்தார்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிசும் அதில் கண்டறியப்பட்டன. காலில் புண்ணிருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள், நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால் பனடோலை முழுங்கிவிட்டு வீட்டிலேயே படுத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். குட்டைக்குப் போன தேதியை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.