வளமுள்ள பாறை

அயர்லாந்தைப் பசுமைத் தீவு என்று வருணிப்பது வழக்கம். அத்தீவின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தின் வடபகுதியில், அவ்வருணனைக்கு முற்றும் மாறான பிரதேசம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பர்ரன். ஐரிஷ் மொழியில் பாறை நிறைந்த இடம் என்பது பொருள். அட்லாண்டிக் கடலோரத்திலிருந்து படிப்படியாக உயரும் குன்றுகள் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையாகவே காட்சி தருகின்றன. இங்கே மனிதன் எவ்வாறு பிழைத்தான் என்று வழிப்போக்கர் வியப்பது இயல்பே. ஆயினும் அவன் பிழைத்தது இப்பாறையால்தான்.

ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி வெப்பமண்டலக் கடலின் அடித்தளமாக இருந்தது. கடலுயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாக இறுகின. பிற்காலத்துப் பனியாறுகள் மேலிருந்த மண்ணைச் சுரண்டிச் சென்றன. போகும் வழியில் பெரும் உருண்டைக் கற்களை ஆங்காங்கே விட்டும் சென்றன. எஞ்சிய வேலையை மழை செய்தது. மழைநீரில் சிறிதளவு அமிலம் உண்டு. அது சுண்ணாம்புக் கல்லை மெல்லக் கரைக்கும். அதனால் பாறைத் தளம் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிறது. நீர் அப்பிளவுகளில் இறங்கி நிலத்தடிக் குகைகள் வழியே ஓடிவிடுகிறது. எனவே, மழைக்குப் பஞ்சமில்லாத இந்நாட்டில், தரைமேல் ஓடும் ஆறு இங்கே மிக அரிது. டர்லாக் எனப்படும் ஏரிகளோ விந்தையானவை. பெருமழைக்குப் பின் நிலத்தடி நீர் மேலெழுந்து அவற்றை நிரப்பும். மழை ஓய்ந்ததும் வந்த வழியே இறங்கிவிடும். அப்போது ஏரியின் நடுவிலே மாடுகள் மேயும்.

பிளவுகளில் தங்கிய சிறிதளவு மண்ணில் வளரும் செடிகளைக் காணத் தாவர நூலார் தொலைதூரத்திலிருந்து வருகின்றனர். ஆல்ப்ஸ் மலைச் சாரலில் காணப்படும் நீல ஜென்ஷியன், துருவப் பகுதிக்குரிய வெண்மலர், மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய ஆர்க்கிட் ஆகிய மூன்றும் இங்கே அண்டை அயலாக மலர்கின்றன. அயர்லாந்தின் இயற்கைத் தாவர வகைகளில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டவை இச்சிறு பிரதேசத்தில் உள்ளன.

இந்நிலம் ஆதியில் இவ்வளவு மொட்டையாக இருக்கவில்லை. பைன் மரங்களும் ஹேசல் புதர்களும் அடர்ந்த காடு இருந்தது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் உழவர்கள் அதை வெட்டத் தொடங்கினர். காலப்போக்கில் மண் கரைந்தது. அவ்வுழவர்களின் நினைவாக நிற்பது புல்னப்ரோன் என்னும் ஈமச்சின்னம். நாம் கல்திட்டை என்கிறோமே, அவ்வகையைச் சேர்ந்தது. நிமிர்ந்த கற்களின்மேல் ஒரு பெரும் பலகைக்கல் சாய்ந்து கிடக்கிறது. 1986இல் அதைச் செப்பனிட முனைந்தபோது அகழ்ந்தனர். முப்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் பெரும்பாலோர் முப்பது வயதை எட்டுமுன்னரே இறந்தவர்கள். பெருஞ்சுமை சுமந்து தேய்ந்த மூட்டுகளையும், ஒருவரது இடுப்பெலும்பில் முறிந்து தங்கிய கல் ஆயுதத்தின் முனையையும் ஆராய்ச்சியாளர் கண்டனர். பாறையோடும் பகைவரோடும் அம்மக்கள் பட்ட பாட்டைச் சொல்ல அவை போதும்.

ஏறக்குறைய 1200ஆம் ஆண்டளவில் ஓ பிரையன் குலத்து மன்னர் ஆதரவில் சிஸ்டர்ஷியன் துறவிகள் கோர்க்கம்ரோ என்னுமிடத்தில் மடம் எழுப்பினர். கூரையிழந்த அதன் சுவர்களும், தூண்களில் செதுக்கிய செடிகொடிகளும் இன்றும் உள்ளன. லத்தீன் மொழியில் அம்மடத்திற்கு அவர்கள் இட்ட பெயர், வளமுள்ள பாறையின் புனித மரியாள் மடம் என்பதாகும். அது வெறும் சமத்காரம் அன்று. கண்டறிந்து இட்ட பெயர்.

1651இல் குரோம்வெல்லின் தளபதியான எட்மண்ட் லட்லோ இவ்வழியே படை நடத்தினார். ஒருவனைக் கொன்று புதைப்பதற்கு வேண்டிய மரமும் நீரும் மண்ணும்கூட இங்கே இல்லை என்ற குரூரமான கேலி அவர் நினைவுக் குறிப்பால் பரவியது. ஆனால், அவரே இங்குள்ள மாடுகளின் கொழுமையையும் குறித்திருக்கிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அக்கொழுமைக்குக் காரணம் குளிர்கால மேய்ச்சல். ஐரோப்பிய மலைநாடுகளில் கோடையில் மந்தையை மேலே ஓட்டிச் சென்று, குளிர்காலத்தில் கீழே இறக்குவர். பர்ரனில் முறை தலைகீழ். அக்டோபர் முடிவில் மாடுகள் குன்றேறும். ஏப்ரல் வரை அங்கேயே தங்கும். சுண்ணாம்புப் பாறை கோடை வெப்பத்தைத் தன்னுள் தேக்கி வைத்து மெல்ல வெளிவிடுகிறது. நீர் தேங்காததால் மாடு படுக்க உலர்ந்த இடம் கிடைக்கிறது. புல்லிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. மந்தை குளிர்காலத்தில் முற்றிய புல்லை மேய்ந்துவிடுவதால், வசந்தத்தில் சிறு மலர்ச் செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. கோடையில் அவற்றை மிதிக்கவோ கடிக்கவோ மாடு இல்லை. தாவர நூலார் போற்றும் அப்பூக்கள் உழவனின் மந்தைக்குக் கடன்பட்டவை.

ஆனால், மந்தையை ஓட்ட ஆள் வேண்டுமே! 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கிளேர் மாவட்டம் கொடுமையாகத் தாக்குண்டது. 1841இல் ஏறத்தாழ 2,86,000ஆக இருந்த மக்கள்தொகை 1851இல் 2,12,000ஆகக் குறைந்தது. பலர் மாண்டனர், பலர் கப்பலேறினர். பஞ்சம் தீர்ந்த பின்னரும் இளைஞர் வெளியேறுவது நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எஞ்சிய குடியானவர் பலர் வெளிவேலைக்குப் போனதோடு, மந்தையைக் கொட்டகையில் வைத்துத் தீனி போடலாயினர். மேய்ச்சல் குறைந்த குன்றுகளில் ஹேசல் புதர் படர்ந்து, பூக்களையும் பழைய கற்சுவர்களையும் மூடத் தொடங்கியது. இயற்கையைக் காக்க மாட்டை விலக்கினால் போதும் என்று எண்ணியவர்களுக்கு இது எதிர்பாராத பாடம்.

2005இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் ஒரு திட்டம் தொடங்கிற்று. புதரை வெட்டவும், குன்றின்மேல் குடிநீர்த் தொட்டி அமைக்கவும், இடிந்த சுவர்களைச் சீர்செய்யவும் அது உழவர்களுக்குப் பணம் தந்தது. பின்வந்த திட்டத்தில் ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்திற்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டனர். புல்லும் பூவும் செழித்த நிலத்துக்குக் கூலி அதிகம். எப்படிச் செழிக்கச் செய்வது என்பது உழவனின் பொறுப்பு. அக்டோபர் இறுதியில் மந்தை குன்றேறும் நாள் இப்போது அப்பகுதியில் விழாவாகவே கொண்டாடப்படுகிறது. ஊரார் மாடுகளின் பின்னே மேய்ச்சல் நிலம் வரை நடந்து செல்கின்றனர்.